வலைக்குள் வைத்த படையல்

அமாவாசைக்கு அமாவாசை காக்கையைக் கெஞ்சிக் கூப்பிடுகிறவன், மொட்டைமாடியைச் சுற்றிப் புறா வலை கட்டுவானா? நான் கட்டினேன். கடலூரில் எங்கள் பகுதியில் புறாத் தொல்லை ஜாஸ்தி.

தை அமாவாசையன்று வலை இருப்பதே நினைவில்லாமல், அப்பாவுக்குப் படைத்த சோற்றையும் வடையையும் சுவரில் வைத்து "கா, கா" என்றேன். நம்பி வந்த காக்கை, கால் வலையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. நான் நெருங்க நெருங்க இன்னும் முறுக்கிக்கொண்டது. வலையின் நைலான் நரம்பு அறுத்துக் காலில் ரத்தம். அப்பாவையே தூக்கில் மாட்டிவிட்ட மாதிரி அலறினேன்.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஓடி வந்தார்.

"கத்தாதீங்க சார், அது பயப்படுது."

துண்டால் அதன் தலையை மூடி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். விடுபட்டதும் பறந்தது. அமாவாசையே கும்பிடாத கிறிஸ்தவ வீட்டவர் அவர். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

காக்கையோ என் வடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டீச்சர் மாடியில் காய்ந்த கருவாட்டைக் கவ்வியது.

என் மனைவி சொன்னாள்: "மாமாவுக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு என்னைக்குங்க புடிச்சிருக்கு? வாங்க, நாம சாப்பிடலாம்."