திரையில் நான் வைத்த புள்ளி

புத்தி தெளிவாக இருந்த ஒரு முதியவரை, நினைவு தப்பியவர் என்று அவருடைய மகனே நம்பும்படி செய்தவன் நான். எரிச்சலில் செய்தேன். வாகனங்களுக்கு ஸ்கிரீன் பொருத்தும் வேலைக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த நிற வயரை எதனுடன் பொருத்துவது என்று வேறு யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

1. ஜப்பான் பேசிய வான்கள்

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படித்து டிப்ளோமா எடுத்த பிறகு மன்னார் பட்டினத்தில் றேடியோவும் கார் செட்டும் திருத்தும் கடை வைத்தேன். சண்டைக் காலத்தில் பற்றரி கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவை வைத்துச் சனங்களுக்குச் செய்தி கேட்க வழி செய்தவன். ஊரில் எனக்கு 'மாஸ்டர்' என்று பெயர்.

சண்டை முடிந்து பாதை திறந்ததும், ஜப்பானில் ஓடிக் கழித்த வான்கள் வந்து இறங்கின. மீள்குடியேறிய சனங்களை ஏற்றி இறக்கியவை அவைதான். டாஷ்போர்டில் வடிவான ஸ்கிரீன் இருக்கும். ஆனால் அது ஜப்பான் மொழியில் பேசும். அதிலுள்ள வரைபடமும் ஜப்பானுடையது. எஃப்.எம். அலைவரிசையும் அந்த நாட்டுக்குரியது என்பதால் நம்முடைய நிலையங்களில் பல அதில் அகப்படா. நான் அலைவரிசையை மாற்றும் கொன்வேட்டர் ஒன்றைப் பூட்டி எஃப்.எம். மட்டும் கேட்கச் செய்வேன். ஸ்கிரீனைப் பற்றிக் கேட்டால், "அது அலங்காரத்துக்கு. விடுங்கோ" என்பேன்.

மன்னார்த் தாராபுரத்து முபாரக் என் நெடுநாள் வாடிக்கையாளர். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து ஹயர் வான் ஓட்டுகிறவர். ஒருநாள் வானைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"மாஸ்டர், இந்தப் பொம்பிளை காலமையில இருந்து என்னவோ சொல்லிக்கொண்டு வாறா. ஏசுறாவோ, வாழ்த்துறாவோ எண்டாவது சொல்லுங்கோவன்."

"சத்தத்தைக் குறைச்சு விடும். ஒண்டும் செய்யேலாது" என்றேன்.

ஒன்றும் செய்ய இயலாது என்பது அந்தக் காலத்தில் என் வாயில் அடிக்கடி வந்த வசனம். அதைப் பொய்யாக்க ஜெயசீலன் வந்தான்.

2. எதிர்க்கடை

ஜெயசீலன் விடத்தல்தீவுப் பக்கத்தவன். ஆறு வயதில் தாய் தகப்பனோடு படகேறி இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, மதுரையில் ஒரு கார் அலங்காரக் கடையில் வேலை பழகியவன். நாற்பது வயதை நெருங்கும்போது தனியாகத் திரும்பி வந்து, என் கடைக்கு நேர் எதிரே ஒரு தகரக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினான். அவனுடைய பேச்சைக் கேட்டுச் சனங்கள் 'இந்தியாக்காரர்' என்று பகிடி பண்ணினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் ஜப்பான் செட்டோடு மல்லுக்கட்டவில்லை. அதை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒரு பிறேம் வெட்டி, அன்ட்ரொயிட் டச் ஸ்கிரீனைப் பொருத்தினான். பின்னால் கமரா. டாஷ்போர்டின் மேல் ஜி.பி.எஸ். அன்ரனா. திரையில் தமிழ் எழுத்து.

முபாரக் முதல் ஆளாகப் போனார். திரும்பி வந்து என்னிடமே காட்டினார்.

"கோவிக்காதேங்கோ மாஸ்டர். உங்கட செட் பாடும். அவன்ட செட் பாடும், படம் காட்டும், பின்னுக்கு மாடு நிண்டாலும் சொல்லும்."

"பற்றரியைக் குடிச்சுப் போடும். பாரும், ஒரு மாதத்தில தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுவீர்."

அது பொய் என்று எனக்குத் தெரியும். சாவியை நிறுத்தியதும் மின்சாரமும் நிற்கும்படி லைன் கொடுத்திருந்தால் எதுவும் பற்றரியைக் குடிக்காது. முபாரக் தேநீர் குடிக்கப் போனபோது டாஷ்போர்டின் கீழ் தலையை விட்டுப் பிழை தேடினேன். லைன்கள் ஒழுங்காக இருந்தன. பியூஸ் தனியாகப் போட்டிருந்தான். ஒரு பிழையாவது இருந்திருந்தால் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பேன். வெளியே வருமுன் திரையை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் பிடித்திருந்தது. எரிச்சல் அதனால்தான் கூடியது.

அதைவிடப் பெரிய எரிச்சல் வரைபடத்தால் வந்தது. பாலத்தைத் தாண்டிப் பிரதான பாதையை விட்டு இறங்கினால் திரையில் ஒன்றுமே இருக்காது. வெறும் சாம்பல் நிறத்தில் அம்புக்குறி மட்டும் நகரும். திரும்பி வந்த சனங்களுக்குத் தங்கள் குடியிருப்பின் பெயரை அதில் பார்க்க ஆசை. ஜெயசீலன் ஓய்வு நாட்களில் அங்கெல்லாம் போய், நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பெயரைத் தமிழில் அடித்துச் சேமித்தான். பிறகு அந்தப் புள்ளிகளை ஒரு மெமரி கார்ட்டில் ஏற்றி, வருகிற ஒவ்வொரு வாகனத்தின் செட்டிலும் போட்டுவிட்டான். அரிப்புக் கிராமத்துக்குப் போகிற வானிலும் அவன் வைத்த புள்ளிகள்தான். அதுவரை வழி கேட்க எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள். இப்போது யாரும் கேட்கவில்லை.

3. மதகடி

ஒருநாள் ஜெயசீலன் பாதையைக் கடந்து என் கடைக்கு வந்தான்.

"அண்ணே, அப்பா இன்னும் முகாம்லதான் இருக்காரு. சொந்த நிலத்தைக் கண்டுபிடிச்சாத்தான் வருவேன்னு பிடிவாதம். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. அங்க இருந்தது நாலஞ்சு வீடு, அந்த ஜனங்கள்ல யாரும் இப்ப இங்க இல்ல. போன்ல அப்பா ஒண்ணு சொன்னாரு. மன்னார்ல ரேடியோ ரிப்பேர் பண்ற படிச்ச பையன் ஒருத்தன் நம்ம வீட்டுக்கு வந்து போயிருக்கான், அவன் இருந்தா இடம் காட்டுவான்னாரு. அது நீங்கதானே?"

நான்தான். இளமையில் போயிருக்கிறேன். அவருடைய றேடியோவைத் திருத்திவிட்டு, கிணற்றுத் தண்ணீர் வாங்கிக் குடித்தது நினைவிருந்தது. நல்ல தண்ணீர்.

"வாரும், காட்டுறன்" என்றேன். சத்தியமாக, காட்டத்தான் புறப்பட்டேன்.

அவனுடைய வானில் போனோம். பாலத்தருகே இரண்டு சாரதிகள் அவனைக் கண்டு கை காட்டி நிறுத்திக் கதைத்தார்கள். பக்கத்தில் இருந்த என்னை அவர்கள் கவனிக்கவில்லை. பிரதான பாதையை விட்டு இறங்கும்போது ஜெயசீலன் சொன்னான்:

"அண்ணே, ஒரு யோசனை. உங்க கடையிலயும் ஒரு ஸ்கிரீன் மாட்டி வைங்க. வர்ற வேலையை நான் வந்து செஞ்சு தர்றேன். உங்களுக்கும் ஒரு பங்கு."

அவன் நல்ல மனதோடு சொன்னான். என் கடையில், என் வேலையில், எனக்கு அவன் பங்கு தருகிறான் என்றுதான் என் காதில் விழுந்தது.

சற்றுத் தூரத்தில் ஒரு மதகு வந்தது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஜெயசீலனின் தகப்பன் மரியான் ஐயாவின் காணிக்கு வலப் பக்கம் போக வேண்டும். திரையில் எதுவும் இல்லை. அம்புக்குறி மட்டும் சாம்பலின் நடுவே நின்றது.

"எந்தப் பக்கம்ணே?"

"இடப் பக்கம்" என்றேன்.

கடலை நோக்கிப் போகும் பாதை அது. பற்றைப் புதருக்குள் ஒரு கிணறும் உடைந்த அத்திவாரமும் இருக்குமென்று எனக்குத் தெரியும். யாரோ எப்போதோ விட்டுப்போன காணி. அவன் இறங்கிக் கிணற்றுக் கட்டைத் தடவிப் பார்த்தான். கண் கலங்கி வந்து வானில் ஏறி, "நீங்களே வைங்கண்ணே" என்றான். என் விரலால் திரையை அழுத்திப் புள்ளி வைத்தேன். 'அப்பா வீடு' என்று அவன் பெயர் அடித்தான்.

4. உவர்

மரியான் ஐயா முகாமிலிருந்து வந்து சேர்ந்ததும் ஜெயசீலன் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனான். வானில் ஏறும்போதே அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள்தானே அந்தப் பொடியன்? அப்ப மீசை இல்லை."

இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னை அடையாளம் கண்டவரின் நினைவில் எந்தக் குறையும் இல்லை என்று, அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

மதகடியில் அவர் வலப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வான் இடப் பக்கம் போனது. அங்கே நின்றதும், சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரையிலிருந்த குரல் இங்கிலீசில் சொன்னது. ஐயா இறங்கி நின்றார்.

"இது இல்லைத் தம்பி. இது எங்கட காணி இல்லை."

ஜெயசீலன் சிரித்தான். ஐயா கிணற்றில் அள்ளிக் குடித்துத் துப்பினார். "உவர்! எங்கட கிணறு இளநி மாதிரியெல்லோ."

"அப்பா, இத்தனை வருஷமா யாரும் இறைக்காத கிணறு. உப்பு ஏறியிருக்கும்ப்பா. மாஸ்டரே நேர்ல வந்து காட்டின இடம்."

ஐயா என்னைப் பார்த்தார். "மாஸ்டர், நீங்கள் வந்த வீடு இதோ?"

"ஓம் ஐயா. இதுதான்."

அந்தக் காணியில் அவர்கள் கொட்டில் போட்டார்கள். ஐயா வருகிற போகிற எல்லாரிடமும் தண்ணீரைக் கொடுத்து, "உவரோ இல்லையோ சொல்லுங்கோ" என்று கேட்டார். முதலில் பதில் சொன்னவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். ஒருநாள் மகனின் கடையிலிருந்து எழுந்து என் கடைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"மாஸ்டர், நீங்கள் படிச்ச மனுசன். ஒளிக்காமச் சொல்லுங்கோ. எனக்கு நினைவு தப்பிட்டுதோ?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல தருணம் அது. எதிரே ஜெயசீலனின் கடை வாசலில் மூன்று வான்கள் நின்றன.

"வயசு போனால் அப்பிடித்தான் ஐயா. யோசிக்காதேங்கோ" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். மதகடியில் சொன்னதை மன்னித்தாலும், இதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

5. ட்ராக்கர்

அதன் பிறகு ஒருநாள் ஐயாவைக் காணவில்லை. முபாரக்தான் கண்டு ஏற்றிவந்தார். என் கடை வாசலில் நின்று சொன்னார்:

"பாவம் மாஸ்டர். அந்த மதகால வலப் பக்கம் திரும்பி, வெயிலுக்குள்ள தன்பாட்டில நடந்து போறார். எங்க போறீங்க ஐயா எண்டால், வீட்டுக்கு எண்டுறார். வழிதவறிப் போச்சு மனுசனுக்கு."

வழிதவறவில்லை. மன்னார் முழுவதிலும் சரியான வழியில் போன ஒரே மனிதர் அவர்தான்.

மறுநாள் ஜெயசீலன் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு வந்தான். வாகனம் களவுபோனால் கண்டுபிடிக்கப் பூட்டுகிற ட்ராக்கர்.

"அண்ணே, இதுக்குச் சின்னதா ஒரு பேட்டரி கிடைக்குமா? அப்பா இடுப்புல கட்டிவிடலாம்னு பார்க்கிறேன். ஸ்கிரீன்ல எங்க இருக்காருன்னு தெரிஞ்சிடும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேற வழி தெரியலண்ணே."

பெட்டியைக் கையில் வாங்கினேன். சின்னப் பற்றரி என் மேசை லாச்சியில் இருந்தது. லாச்சியை இழுத்தும்விட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"உம்மட அப்பாவுக்கு ஒண்டுமில்லை" என்றேன். "மதகடியில வலப் பக்கம்தான் உங்கட காணி. நான் தெரிஞ்சுகொண்டுதான் பிழையாச் சொன்னனான்."

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஏன்?"

"உம்மட கடை வாசல்ல நிண்ட வான்களைப் பாத்து."

"அதுக்காண்ணே?" என்றான். சத்தம் போடவில்லை. அடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

6. வலப் பக்கம்

அன்றே மூன்று பேரும் போனோம். நான் பின்சீட்டில் இருந்தேன். மதகடியில் வலப் பக்கம் திரும்பியதும் ஐயா முன்னால் குனிந்தார். பற்றையை நான் கத்தியால் வெட்டிக்கொண்டு போனேன். கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இடிந்திருந்தாலும் உள்ளே தண்ணீர் இருந்தது. வாளி கட்டி அள்ளி அவர் கையில் கொடுத்தேன். நான் செய்ததை அவரிடமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் குடித்தார். இன்னொரு முறை குடித்தார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்" என்றார். "ஆனா என்ர நாக்கை நான் இனி நம்பேலாதே." மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. இதுதானோ?"

ஜெயசீலன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் தள்ளி நின்றேன்.

வீடு அங்கே எழும்பியது. மின் வேலை முழுவதையும் நான் செய்து கொடுத்தேன். வேண்டாமென்று அவன் சொல்லவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. திரையிலிருந்த பழைய புள்ளியை அவன் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினான்: 'மாஸ்டர் காட்டிய இடம்.' வழக்கம்போல அதுவும் கார்ட்டில் ஏறி எல்லா வான்களுக்கும் போனது. ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது முபாரக்கின் திரையில் அதைக் கண்டேன்.

"அழிச்சு விடவோ மாஸ்டர்?" என்று மெல்லக் கேட்டார்.

"வேண்டாம். கிடக்கட்டும்."

புள்ளி வைக்கிற வேலை உங்களுக்கு வந்தால், அங்கே வாழ்ந்தவரை முன்சீட்டில் இருத்தி, அவர் சொன்ன பிறகு வையுங்கள். திரை சொல்வதும் என்னைப் போன்ற படித்தவன் சொல்வதும் அதற்குப் பிறகுதான். பக்கத்துக் கடையில் வான்கள் நின்றால், போய்ப் பார்த்துப் பழகுங்கள். நான் பிந்தித்தான் பழகினேன்.

ஐயா எல்லாவற்றையும் மகனிடம் கேட்டுத்தான் செய்தார். இன்று என்ன கிழமை, பூசை எத்தனை மணிக்கு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் கேட்பார். கெடுத்தவன் நான், ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவரிடமே கேள்வி கேட்டேன். எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்தப் படகு யாருடையது என்று. தயங்கித் தயங்கிச் சொல்வார். "சரிதான் ஐயா" என்பேன். நெடுநாள் இப்படியே போனது.

ஒருநாள், ஜெயசீலனும் அருகில் இருக்கும்போது, நான் முதன்முதல் அவர்களுடைய பழைய வீட்டுக்கு வந்த கதை எழுந்தது.

"அண்டைக்கு நீங்கள் ரெண்டு செம்பு தண்ணி குடிச்சனீங்கள்" என்றார்.

"ஒரு செம்புதான் ஐயா. எனக்கு நல்ல நினைவு."

அவர் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லை மாஸ்டர்" என்றார். "ரெண்டு."