நீல நூலும் மூன்று முடிச்சும்

கத்தியை மூன்று இடத்தில் இறக்கிப் பார்க்காமல் ஃபிதெலினா யாருடைய பாலாடைக்கட்டியையும் கையில் வாங்குவதில்லை. நடுவில் ஒரு குத்து, ஓரத்தில் இரண்டு. உருவிய கத்தியின் முனையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு இழுப்பு. அப்புறம்தான் தராசு. "உப்பு கம்மி. ஹூஸ்டன் போய்ச் சேர்றதுக்குள்ள புளிச்சிடும். உன் மகன் என்னைத்தான் திட்டுவான்" என்று கொண்டுவந்தவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள்.

பாதிரியார் வீட்டுக் கட்டிக்கும் மூன்று குத்துதான். கூடப்பிறந்த தங்கையின் கட்டிக்கும் அதேதான். தங்கை அந்தக் கோபத்தில் தவக்காலம் முழுக்க அக்காவோடு பேசவில்லை.

"என்ன நீனியா, நான் என்ன உள்ளுக்குள்ள தங்கமா வச்சு அனுப்பறேன்?" என்று முறைத்துக்கொள்பவர்களும் உண்டு.

"தங்கம்னா பரவால்ல, பாதிய நான் எடுத்துக்குவேன். வேற எதுனா இருந்துச்சுன்னா ஏர்போர்ட்டுக்காரன் என் விசாவக் கிழிச்சுக் கையில குடுத்துடுவான். அப்புறம் உன் கட்டிய நீயே பறந்துபோய்க் குடுத்துட்டு வா."

அவளுக்கு வயது அறுபத்தாறு. அந்த வயதுக்காரியையும் சிறுமி என்று பொருள்படும்படி 'நீனியா' என்று கூப்பிடுவதுதான் சான் இலாரியோ ஊரில் மரியாதை.

பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை அவள் வீட்டு முன்னறையில் ஊரே கூடும். கட்டி, பூசணி விதைப் பொடி, அன்னாசிப் பாகு வைத்த ரொட்டி, காய்ந்த இறால், சளிக்கு ஒரு கட்டு இலை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு பெட்டிகளோடு விமானம் ஏறுவாள். செவ்வாய்க்கிழமை திரும்பும்போது அதே பெட்டிகளில் பாதணிகள், மூட்டுவலி மாத்திரை, வாசனைத் தண்ணீர், பழைய கைப்பேசிகள். ஹூஸ்டன் கடைகளில் கிடைக்காத பாலாடைக்கட்டி உலகத்தில் இல்லை. ஆனால் எங்கள் மாட்டின் கட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அங்கே இருப்பவர்கள் கேட்பார்கள். எல் சால்வடோரின் இந்தக் கிழக்கு மூலையில் ஃபிதெலினாவுக்குச் சோறு போடுவது அந்தக் கேள்விதான்.

ஊரில் பாதி இங்கே இருக்கிறது, பாதி அங்கே இருக்கிறது. கோயில் மணி அங்கிருந்து வந்த காசில் வாங்கியது. மாடி வீடுகள் நிறைய உண்டு. மாடியில் கோழிகள் மட்டும் ஏறி இறங்கும். விளைகிற சோளம் வீட்டுக்கே போதாது. ஆனால் சிமென்ட் கடை மட்டும் மூன்று. ஒருமுறை மக்கள்தொகை எடுக்க அரசாங்கத்துப் பையன் ஒருவன் வந்தான். மகாரியோ அர்கெத்தாவின் மனைவி, வீட்டில் ஏழு பேர் என்றாள்.

"மூணு பேரத்தானேம்மா பாக்கறேன்?"

"மத்த நாலு பேர் வேலைக்குப் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"போயிப் பதினொரு வருஷம் ஆச்சு. வந்துடுவாங்க."

பையன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஃபிதெலினாவிடம் போய்க் கேட்டான். அவளும் ஏழு என்றாள். மாமன் மகள் கணவனோடு சேர்த்தால் எட்டு என்று இன்னொருவரையும் கூட்டிக் கொடுத்தாள்.

அவள் இரண்டு வருடம்தான் பள்ளிக்கூடம் போனவள். பொட்டலங்களில் பெயர் எழுதுவதில்லை, முகவரி எழுதுவதில்லை. எல்லாம் கம்பளி நூல். வெந்தூரா குடும்பத்துக்குச் சிவப்பு. பெனீதெஸ் வகையறாவுக்குப் பச்சை. கிழவர் பெனீதெஸின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்குப் பச்சையோடு ஒரு வெள்ளை இழை. அர்கெத்தாக்களுக்கு நீலம். பொட்டலம் மூத்த பிள்ளைக்கு என்றால் ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. யார் யாருக்கு எத்தனையாவது பிள்ளை, இறந்த பிள்ளையைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ரொட்டி வீடு மாறிப் போனதில்லை.

கடைத்தெருவில் தெல்மிரா என்று ஓர் இளம்பெண் அதே தொழிலைத் தொடங்கியிருந்தாள். அவளிடம் பெயர்ச் சீட்டு அடித்து ஒட்டும் இயந்திரம் இருந்தது. "அதுக்குக் கரண்டு போச்சுன்னா அம்மா அப்பா பேரே தெரியாது" என்பாள் ஃபிதெலினா.

அர்கெத்தா அண்ணன் தம்பிகள் ரோசெந்தோவும் மகாரியோவும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லாதவர்கள். அப்பன் விட்டுப்போன நிலத்தில் ஊற்று தம்பி பங்கில் விழுந்துவிட்டது. மாடு தண்ணீருக்குப் போகும் வழி அண்ணன் பங்கில் விழுந்துவிட்டது. தண்ணீரைத் தம்பி அடைத்தான், வழியை அண்ணன் அடைத்தான். சமையலறை இரண்டான அன்றே ரோசெந்தோ வந்து, "கொமாத்ரே, எங்களுக்கு வேற கலர் போடு. அவனோட ஒரே நூல்ல எங்களக் கட்டாத" என்றான். அவன் மகள் யெசேனியாவுக்கு ஞானஸ்நானத்தில் ஃபிதெலினாதான் ஞானத்தாய். அந்த உறவில்தான் கொமாத்ரே என்று கூப்பிடுவான்.

"பெத்தவ ஒருத்தி. நூலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள் அவள்.

அப்படியும் குழப்பம் எதுவும் வரவில்லை. அண்ணன் வீட்டில் கட்டியைச் சதுர அச்சில் அழுத்துவார்கள், தம்பி வீட்டில் வட்ட அச்சு. பார்த்தாலே தெரியும்.

அவள் சுமக்கும் சரக்கில் கட்டியைவிடக் கனமானது ஒன்று உண்டு. அது அங்கிருந்து இங்கே வருவது. ஹூஸ்டனில் பிறக்கும் பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைப் பத்திரப்படுத்தி ஃபிதெலினாவிடம் கொடுப்பார்கள். இங்கே தாத்தன் நிலத்தில், ஒரு மரத்தடியில் அதைப் புதைக்க வேண்டும். கொடி எந்த மண்ணில் கிடக்கிறதோ அந்த மண்ணைத் தேடிப் பிள்ளை ஒருநாள் வந்து சேரும் என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். இதுவரை எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சரக்குக்கு அவள் கூலியும் வாங்குவதில்லை.

போன மழைக்காலத்தில் யெசேனியாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. ஒன்பது நாள் கழித்து மகாரியோவின் மருமகள் மர்லேனிக்கும் மூன்றாவது பிறந்தது. இரண்டும் ஆண். ஹூஸ்டனில் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் கீழும் மேலும் குடியிருக்கிறார்கள். ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஊரிலிருக்கும் ஊற்றுச் சண்டை அங்கே யாருக்கும் நினைவில்லை. இருவரும் ஒரே மருந்துக்கடையின் ஆரஞ்சு நிற மாத்திரைக் குப்பியில் பஞ்சு வைத்துக் கொடியைக் கொடுத்தார்கள். ஃபிதெலினா இரண்டுக்கும் நீல நூல் கட்டினாள். இரண்டுமே மூன்றாவது பிள்ளை. இரண்டுக்கும் மூன்று முடிச்சு. அண்ணன் வீட்டுடையது பாவாடையின் வலப்பக்க உள்பையில், தம்பி வீட்டுடையது இடப்பக்கத்தில் என்று மனசில் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பும்போது, இறங்கிய விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பையில் இருப்பதையெல்லாம் தட்டில் வைக்கச் சொன்னான். வைத்தாள். ஒரு குப்பியைத் திறந்து பார்த்து, "என்ன இது?" என்றான்.

"அர்கெத்தா வீட்டுப் பிள்ளைங்க."

அவனும் கிழக்குப் பக்கத்துக்காரன்தான். சட்டென்று மூடி, சிலுவை போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டான். தள்ளிய வேகத்தில் இரண்டு குப்பியும் தட்டில் உருண்டு ஒன்றையொன்று சுற்றிவந்து நின்றன. இரண்டு நீல நூல், ஆறு முடிச்சு. அவள் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் அந்தோனியார் படத்தின் கீழே வைத்தாள். தராசில் வைத்துப் பார்த்தாள். முள் அசையக்கூட இல்லை. முகர்ந்து பார்த்தாள். கடைசியில் யெசேனியாவுக்கே போன் போட்டாள்.

"உன் குப்பியில எதுனா அடையாளம் வச்சியாடி?"

"பஞ்சு வச்சேன்."

"அவளும் பஞ்சுதான் வச்சிருக்கா."

யெசேனியா சிரித்துவிட்டாள். "விடுங்க ஞானம்மா. ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடி."

ரோசெந்தோ தன் பிளம் மரத்தடியிலும் மகாரியோ ஊற்றங்கரையிலும் குழி வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவள் பேர் நிற்கும். சொன்னால் தொழில் போய்விடும். முடிச்சை நம்பிப் பொட்டலம் கொடுக்கிறவர்கள் முடிச்சு தப்பிவிட்டது என்று கேள்விப்பட்டால் தெல்மிராவின் சீட்டைத் தேடிப் போவார்கள். இரண்டு நாள் அவள் யாருக்கும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை தலைவாரி, கோயிலுக்குப் போகும் உடுப்பை உடுத்திக்கொண்டு, முதலில் அண்ணன் வீட்டுக்கும் பிறகு தம்பி வீட்டுக்கும் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் அவள் முன்னறைக்கு வந்தார்கள். ஒருவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான், ஒருவன் கதவுப் பக்கம் நின்றான். ஒன்பது வருடத்தில் கோயிலைத் தவிர ஒரே கூரைக்குக் கீழே அவர்கள் வந்தது அப்போதுதான்.

"அன்னைக்கே சொன்னனா இல்லையா கொமாத்ரே? கலர மாத்துன்னு சொன்னனா?"

"சொன்னே. என் தப்புதான்."

"என் பேரன் கொடி அந்த ஊத்தங்கரையில போய்க் கெடந்தா, நாளைக்கு என் பேரன் அவன் வாசல்ல போய் நிப்பான். அதான் வேணுமா? அவன்கிட்ட கேளு."

ஃபிதெலினா கதவுப் பக்கம் திரும்பினாள். "கேக்கறாரு."

"காதுல விழுந்துச்சு" என்றான் மகாரியோ. "அவர் பிளம் மரத்துல என் பேரன் ஏறினா மட்டும் கல்லால அடிக்காம விட்டுடுவாரான்னு நீங்க கேளுங்க நீனியா."

"நான் எதுக்குடா பிள்ளைய அடிக்கப் போறேன்?" என்று ரோசெந்தோ நேராகவே கத்திவிட்டான். கத்திய பிறகுதான் தம்பியிடம் பேசிவிட்டது அவனுக்கே உறைத்தது. தொப்பியை எடுத்து அதில் இல்லாத தூசியைத் தட்டினான்.

வெளியே யாருடைய கழுதையோ வேலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மகாரியோதான் வாயைத் திறந்தான்.

"ரெண்டையும் பாதியா நறுக்குங்க. அதுல பாதி, இதுல பாதி. ஆளுக்கு ரெண்டு துண்டு எடுத்துக்கறோம்."

"அப்படின்னா ரெண்டு பயலும் ரெண்டு எடத்துக்கும் வருவாங்களே" என்றான் ரோசெந்தோ.

"வரட்டும். வந்தா பாத்துக்கலாம்."

ரோசெந்தோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். யார் வரப்போகிறார்கள் என்று அவனும் கேட்கவில்லை, மகாரியோவும் சொல்லவில்லை. அண்ணன் சரி என்று தலையை அசைத்தான்.

வீட்டில் கூர் குறையாத கத்தி ஒன்றுதான் இருந்தது, கட்டி குத்தும் கத்தி. ஃபிதெலினா அதைக் கொதிநீரில் போட்டெடுத்துத் துடைத்தாள். குப்பிகளைத் திறந்து, காய்ந்த புளித்துண்டு போலிருந்த இரண்டையும் பலகையில் வைத்து நடுவில் அழுத்தினாள். ஒன்று சுலபமாக விட்டது, மற்றொன்று கொஞ்சம் முரண்டு பண்ணியது. "இது உங்க வீட்டுதுதான்" என்று மகாரியோ அண்ணனைப் பார்த்து முணுமுணுத்தான். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் மீசை அசைந்தது.

விஷயம் மறுநாளே ஊரெங்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை முன்னறையில் பாதி பெஞ்சு காலி. பெனீதெஸ் வகையறாவில் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளின் ஆட்கள் மொத்தமாகத் தெல்மிராவிடம் போய்விட்டார்கள். அர்கெத்தா வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. "முடிச்சு போடறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி எண்ணிக்கோ நீனியா" என்று ஒரு பெண் சிரித்தாள். ஃபிதெலினா அவள் கட்டியைக் குத்தி, முகர்ந்து, தராசில் வைத்தாள். மகாரியோ பக்கத்துக்கு நீலத்தோடு ஒரு மஞ்சள் இழை சேர்த்துக்கொண்டாள். அவள் இறங்கிவந்தது அவ்வளவுதான்.

அதற்கடுத்த வியாழனும் அப்படியே போனது. மூன்றாவது வியாழக்கிழமை, கூட்டமெல்லாம் கலைந்து அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரோசெந்தோ வந்தான். கையில் வாழையிலையில் சுற்றிய கட்டி. அவன் இலையைப் பிரித்துப் பலகைமேல் வைத்தான். சதுரக் கட்டி. அதில் நடுவில் ஒன்றும் ஓரத்தில் இரண்டுமாக ஏற்கெனவே மூன்று ஓட்டைகள் இருந்தன. வீட்டிலேயே அவன் குத்திக்கொண்டு வந்திருந்தான்.

ஃபிதெலினா அந்த மூன்று ஓட்டைகளையும் பார்த்தாள். ரோசெந்தோவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து, அவன் குத்தாமல் விட்டிருந்த நான்காவது இடத்தில் ஆழமாக இறக்கி, உருவி, முனையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.