அண்ணனும் என் வீட்டுக்காரரும் குளத்தில் விழுந்த சனிக்கிழமை

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே கடவுளைத்தான் கும்பிடுகிறார்கள். போடியில் எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். டிசம்பர் வந்தால் நட்சத்திரம் தொங்கவிடுகிற வீடு, பொங்கலுக்குப் பலகாரம் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்கிற வீடு என்று எங்களை அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிற மச்சானும் மாப்பிள்ளையும் ஏன் வாசலில் நின்று கத்திக்கொள்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

சண்டை இதுதான். மனிதன் பாவி என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது. ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அந்த நம்பிக்கை கூடிக்கொண்டேதான் போகிறது. பாவியை இரட்சிப்பது கடவுளுடைய கிருபை என்பதிலும் தகராறு இல்லை. அந்தக் கிருபையை மனிதன் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமா, இல்லை கை நீட்டுவதற்கே அவனுக்குத் திராணி கிடையாதா என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் தோட்ட வேலைக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிப் போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் இருக்கிற பழைய வேதக்கோயிலில் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுவார். அவர் கட்சி, "கடவுள் கதவத் தட்டுறாரு. தெறக்குறதும் தெறக்காததும் நம்ம இஷ்டம்."

அண்ணன் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் காயைத் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறார். முன்பு அவரும் அதே கோயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். போனில் பிரசங்கம் கேட்கிற பழக்கம் வந்தது. காதில் வயரை மாட்டிக்கொண்டே காய் பிரித்தார், காதில் வயரோடே சாப்பிட்டார், ஒருநாள் வயரைக் கழற்றிவிட்டு தகரக் கொட்டகையில் கூடுகிற ஒரு சின்னச் சபைக்குப் போய்விட்டார். அவர் கட்சி, "உள்ள இருக்கிறவன் பாவத்துல செத்துக் கெடக்கான். செத்தவன் எப்பிடி எந்திரிச்சு வந்து கதவத் தெறப்பான்? கடவுளே ஒடச்சுக்கிட்டு உள்ள வந்து உசுரு குடுத்தாத்தான் உண்டு." யாருக்குக் கொடுப்பது என்பதையும் உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே கடவுள் முடிவு பண்ணிவிட்டாராம்.

இது கோயிலோடு நின்றிருந்தால் எனக்கொன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்த ஒரு நாள், அண்ணன் நடுத்துண்டை எடுத்தார். பிறகு இன்னொரு நடுத்துண்டு. மூன்றாவதுக்குக் கை போனபோது வீட்டுக்காரர் கேட்டார்.

"மச்சான், இப்ப அந்த மீன எடுக்குறது யாரு? நீங்களா, ஆதாமா?"

"நான் எடுக்கல மாப்ளே. எனக்குள்ள இருக்கிற விழுந்துபோன சுபாவம் எடுக்குது."

"அப்ப எனக்கு ஒரு துண்டு வைக்கணும்னு அந்தச் சுபாவத்துக்கிட்டச் சொல்லுங்க."

"அதுக்கு அந்தச் சித்தம் இல்ல மாப்ளே. அடிமைப்பட்டுக் கெடக்கு." சொல்லிவிட்டு மீனை வாயில் வைத்தார்.

ஜீப்பிலும் இதே கதைதான். அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கேள்வி வரும். "ஸ்டியரிங்கத் திருப்புறது யாரு மச்சான், நாந்தான?" என்பார் இவர். "ரோட்டப் போட்டது யாரு மாப்ளே, நீங்களா?" என்பார் அவர். பதில் சொல்வதற்காக இவர் முகத்தைத் திருப்ப, பின்னால் உட்கார்ந்திருக்கிற தோட்டத்துப் பெண்கள், "அண்ணே, யாரு போட்ட ரோடா இருந்தாலும் அதப் பாத்து ஓட்டுண்ணே" என்று கத்துவார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் கூட்டாக ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கேரளப் பக்கத்துச் சரிவில், கையகலத் தோட்டம். காயைப் பற்றித் தெரிந்தவர் அண்ணன், வண்டி வைத்திருக்கிறவர் இவர். ஆகவே பொருத்தமான கூட்டு என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அண்ணன் மனைவியும் நானும் ஒன்றும் சொல்லவில்லை. மதினி பொதுவாகவே அதிகம் பேசமாட்டார். எங்கே போனாலும் மடியில் வறுத்த கடலை வைத்திருப்பார். பேச வேண்டிய இடத்தில் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கோடை. செடிகள் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. அந்த மலையில் கோடைக்கென்று தண்ணீர் சேர்த்துவைக்க, மண்ணில் பெரிய குழி வெட்டி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்திருப்பார்கள். படுதாக்குளம் என்று பெயர். நாலு பக்கமும் சரிவு, சரிவு முழுக்க வழுவழுவென்று பாசி. தவளை விழுந்தால்கூட ஏற முடியாமல் சுற்றிச் சுற்றி நீந்தும். எங்கள் குளத்தில் ஆள் ஆழத்துக்கு மேலேயே தண்ணீர் இருந்தது.

மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. குளத்துக்குள் கிடக்கிற குழாயின் வாயைப் பாசி அடைத்திருக்கும் என்று வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் மண்டி போட்டார். குழாய் அமிழ்ந்துவிடாமல் இருக்க, ஒரு காலி பிளாஸ்டிக் டிரம்மில் கட்டி மிதக்க விட்டிருந்தார்கள். அதைக் கையால் எட்டி இழுக்கப் பார்க்கிற நேரத்தில்தான் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, வழியில் பாதியில் விட்ட பேச்சை எடுத்தார். மதினியும் நானும் கொஞ்சம் தள்ளி, சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"மாப்ளே, நீங்க ஒண்ண மறக்குறீங்க. மனுசன் தடுமாறி நிக்கிறவன் இல்ல. விழுந்தவன்! முழுசா விழு..."

அந்த வார்த்தை முடியவில்லை. அண்ணனின் செருப்பு ஷீட்டில் பட்டது. ஒரு பெரிய சத்தம். நான் திரும்பிப் பார்த்தபோது கரையில் என் வீட்டுக்காரர் மட்டும் இருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா!" என்று தண்ணீருக்குள்ளிருந்து அண்ணன் அலறினார்.

சிரிப்பை நிறுத்தாமலே இவர் கையை நீட்டினார். "புடிங்க மச்சான், புடிங்க. கை நீட்டினாத்தான் கெடைக்கும்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

அண்ணன் பிடித்தார். என் அண்ணன் கொஞ்சம் பருமனான ஆள். அடுத்த நிமிஷம் இரண்டாவது சத்தம் கேட்டது. "ஆத்தா!" என்று இரண்டாவது அலறலும் கேட்டது.

இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. கடவுள் புண்ணியத்தில் டிரம் மிதந்தது. ஆளுக்கொரு பக்கமாக அதைக் கட்டிக்கொண்டார்கள். நான் ஓடிப் போய்க் கரையில் நின்றேன். இரண்டு தலையும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்றதும் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் ஏற முடியவில்லை. அண்ணன் முழங்காலை ஷீட்டில் ஊன்றுவார், சறுக்கிக்கொண்டு பின்னால் போய் டிரம்மில் இடிப்பார். இவர் நகத்தால் பிறாண்டிப் பார்த்தார், கையோடு பாசிதான் வந்தது.

சத்தம் கேட்டு, எங்களுக்குக் காய் எடுக்க வருகிற அக்கா செடிகளுக்குள்ளிருந்து ஓடி வந்தார். "யாரு ஆத்தாளக் கூப்பிட்டது?" என்று கேட்டுவிட்டுக் குளத்தைப் பார்த்தார். "அய்யய்யோ, ரெண்டு அண்ணனும் உள்ள கெடக்காகளே!"

"ஜீப்புல லோடு கட்டுற கயிறு இருக்கு, வெரசாக் கொண்டாங்கக்கா" என்றேன். அவர் ஓடினார்.

அந்த இடைவெளியில் குளத்துக்குள் என்ன நடந்தது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே அண்ணன் சொன்னார், "பா... பாத்தீங்களா மாப்ளே. தன் முயற்சியால ஏற முடியுதா?"

"முயற்சி பண்ணுறோம்ல மச்சான். அதுதான முக்கியம்."

"முயற்சி பண்ணப் பண்ண கீழதான போறோம்!"

மதினி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு டிரம்மப் புடிங்க. தண்ணி உள்ள போகுது."

கயிறு வந்தது. ஒரு நுனியை சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்டு, மறு நுனியை நான் வீசினேன். அது அண்ணன் முகத்துக்கு முன்னால் போய் விழுந்தது. மனிதன் செத்த பிணம், அவனால் விரலைக்கூட அசைக்க முடியாது என்று சொல்லிவந்த என் அண்ணன், அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். மணிக்கட்டில் ஒரு சுற்று, முழங்கையில் ஒரு சுற்று. போதாதென்று பல்லாலும் கடித்தார். நாங்கள் மூன்று பெண்களும் இழுக்க, அவர் காலால் உதைத்து, முழங்காலால் ஊன்றி, "இழு, இழு, விட்ராத தங்கச்சி" என்று கத்திக்கொண்டே வயிற்றால் ஊர்ந்து கரைக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்து என் வீட்டுக்காரர். கயிற்றை வீசினேன். அவர் கை நீட்டினார். விரல்கள் மடங்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் கிடந்து கிடந்து கை மரத்துப்போய்விட்டது. கயிறு அவர் உள்ளங்கை வழியாக வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடியும் வீசினேன், மறுபடியும் போயிற்று.

"புடிங்க!"

"புடிக்கணும்னுதான் நெனைக்கிறேன். கை கேக்க மாட்டேங்குது!"

கரையில் மல்லாந்து கிடந்த அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே தலையைத் தூக்கினார். "இப்பப் புரியுதா மாப்ளே? சித்தமே செயல்படல!"

இவர் டிரம்மை விட்டுவிட்டு அண்ணனை அடிக்க வந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நல்லவேளையாக மதினி கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கி, கன்றுக்குட்டிக்குப் போடுவதுபோல ஒரு சுருக்குப் போட்டார். முதல் வீச்சு டிரம்மில் விழுந்தது. அடுத்தது இவர் தலை வழியாக இறங்கி ஒரு கையோடு சேர்த்து மாட்டியது. "அசையாம இருங்க அண்ணே" என்றார். அசைவதற்கு இவரிடம் தெம்பே இல்லை. மூட்டையை இழுப்பதுபோல இழுத்தோம். மல்லாந்த நிலையில், வானத்தைப் பார்த்தபடி, ஒரு விரல்கூட உதவாமல் வந்து சேர்ந்தார். கைலி வரவில்லை. அது குளத்தின் நடுவில் பூப்போல விரிந்து மிதந்துகொண்டிருந்தது. உள்ளே டவுசர் போட்டிருந்தார் என்பதால் குடும்ப மானம் தப்பித்தது. காய் எடுக்கிற அக்கா மட்டும் மரியாதைக்காக மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் ஆத்தான்னு கூப்பிட்டாக, ஆத்தா வந்து காப்பாத்திட்டா" என்று மரத்திடமே சொன்னார். அதை மறுத்துப் பேச இரண்டு பேருக்கும் அப்போது மூச்சில்லை.

எனக்கு அழுகை வந்தது. இவர் மார்பில் கையை வைத்து, சூடு வருகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டே அழுதேன். "என்ன ஆகியிருக்கும்?" என்றேன். "ஒண்ணும் ஆகல புள்ள" என்றார். பிறகு மெதுவாக, "மச்சான் கயிறப் பல்லால கடிச்சாரு, பாத்தியா?" என்று கேட்டார். அழுகை அங்கேயே நின்றுவிட்டது.

மாற்றுத் துணி கிடையாது. காய்க்கு வைத்திருந்த புதுச் சாக்குகளை இரண்டு பேரும் சுற்றிக்கொண்டார்கள். கை சூடானதும் இவரே வண்டியை ஓட்டினார். இருட்டின பிறகு போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் ஒரு அதிகாரி டார்ச்சும் கையுமாக வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சாக்குல என்ன?"

"என் வீட்டுக்காரரு" என்றார் மதினி.

"வண்டி ஓட்டுற சாக்குல?"

"இவ வீட்டுக்காரரு."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் தன் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாராம். ஒரு மனிதன் தண்ணீரில் கிடந்தான், கயிற்றைப் பிடிக்கக்கூட அவனுக்குத் திராணியில்லை, மேலேயிருந்து வந்த கயிறே அவனைப் பிடித்துத் தூக்கியது என்று சொல்லியிருக்கிறார். அதே நேரத்தில் எங்கள் கோயிலில் என் வீட்டுக்காரர் எழுந்து, ஒரு மனிதன் தண்ணீரில் கிடந்தான், கயிறு வந்தது, அவன் விசுவாசத்தோடு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான், பிழைத்தான் என்றார். மத்தியானம் மதினியும் நானும் போனில் பேசி ஒப்பிட்டுப் பார்த்தோம். அண்ணன் சொன்ன கதையில் அண்ணன் இல்லை. இவர் சொன்ன கதையில் இவர் இல்லை. இரண்டிலும் கயிற்றை இழுத்த பொம்பளைகள் இல்லவே இல்லை.

"நம்மதான் கிருபை போலருக்கு. கண்ணுக்குத் தெரியல" என்றார் மதினி.

அதோடு ஓய்ந்ததா என்றால், இல்லை. அண்ணனுக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. என் வீட்டுக்காரருக்குக் குழந்தையில் நெற்றியில் தண்ணீர் தெளித்துத்தான் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். அது செல்லாது, ஆள் முழுக்க மூழ்கி எழுந்தால்தான் செல்லும் என்று அண்ணன் சபையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பேச்சு வந்தபோது இவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார், "அதுதான் மூழ்கியாச்சே மச்சான். தலையோட மூழ்கினேன். நீங்களே கையப் புடிச்சு உள்ள எறக்கிவிட்டீங்க."

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அவர் முகம் மாறியது. "மாப்ளே, நானும்ல முழுகினேன். எனக்கு ஏற்கெனவே சபையில முழுக்கு ஆகிப்போச்சே. அப்ப இது ரெண்டாவதா? ரெண்டு தடவ எடுக்கக் கூடாதே!"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேராகத் தன் சபை மூப்பரிடம் போனார். மூப்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, மொதல்ல நீச்சல் பழகுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தாராம்.

இப்போது விடிந்ததும் இரண்டு பேரும் குரங்கணிப் பக்கம் ஆற்றுக்குப் போகிறார்கள், இடுப்பளவுத் தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து. நேற்று நானும் கூடப் போனேன். அண்ணன் கையைக் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருந்தார். தண்ணீர் தானாகவே தாங்கும், நாம் செய்ய ஒன்றுமில்லை என்பது அவர் முறை. அவர் மிதந்தார்தான், ஆனால் கிடந்த இடத்திலேயே கிடந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கையையும் காலையும் போட்டு அடித்து, ஆறு கலங்கும்படி பாடுபட்டுக்கொண்டிருந்தார். அவரும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மாடு குளிப்பாட்ட வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். தெரியாது, நீங்கள் கொஞ்சம் கீழே தள்ளிப் போய்க் குளிப்பாட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.