சரோஜா அக்கா நீட்டிய கை

திங்கட்கிழமை காலை, திண்டிவனம் பிளாட்பாரத்தில் பூக்காரம்மா ஓடிவந்து, "சரோஜா அக்கா விடியக்காலையில நெஞ்சுவலியில போயிட்டாங்களாம்மா" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். சனிக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில்தான் என் கையைப் புரட்டிப் பார்த்து, ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். பதில் சொல்லக்கூட விடவில்லையே!

நம் விழுப்புரம் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இரண்டு கையிலும் கரப்பான். தோல் வறண்டு வெடித்து, ஃபைல் புரட்டினால் ரத்தம் கசியும். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அதுவும் ஆகாது என்று ஆளாளுக்கு ஒன்றைத் தட்டிலிருந்து பிடுங்கினார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு கிரீமைக் கொடுத்து, கை கழுவியதும் ஈரம் காய்வதற்குள் தடவச் சொன்னார். தடவினால் காகிதமெல்லாம் எண்ணெய்க் கறை. அதனால் கிரீமுக்கு மேல் பவுடரைப் போட்டுக்கொள்வேன். முகத்தில் ஸ்நோவுக்கு மேல் பவுடர் போட்டுப் பழகிய புத்தி.

அதை ரயிலில் அக்கா பார்த்துவிட்டார். "அடியே, உனக்கு அறிவு கீதா, இல்லியா? ஈரம் நிக்கணும்னு ஒண்ணத் தடவிக்கினு, அத்த உறிஞ்சறதுக்குப் பவுடரையும் போட்டுக்கினு வர்றியே!" பெட்டியே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து மணிக்கொரு தரம், "தடவுனியா?" மேலதிகாரி எதிரில்கூட, "தடவுனியா?" சே, உயிரை வாங்கிவிட்டார்.

மதியச் சாப்பாட்டை ஒரே பேசின் பாத்திரத்தில் கொட்டி, ஒருத்தி பிசைந்து எல்லோர் கையிலும் உருண்டை வைப்பது நம் வழக்கம், நாளுக்கு ஒருத்தி. என் முறை வந்தால் மட்டும், "உனக்கு எரியும், விடு" என்பீர்கள். எனக்கு எரியும் என்பதற்காகவா சொன்னீர்கள்? என் கை பட்ட சோறு உங்களுக்கு இறங்காது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒருநாள் அக்கா பேசினை என் பக்கம் தள்ளினார். "ஒட்டற வியாதி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவ பிசையட்டும். இல்லாட்டி எனக்குச் சோறே வாணாம்."

அன்றைக்கென்று காரக்குழம்பு. வெடிப்புகளில் மிளகாய் இறங்கி உயிர் போனது. அழுதுகொண்டே பிசைந்தேன். அவர் ஒருவர்தான் கையை நீட்டினார். தின்று முடித்த பிறகுதான் என் கண்ணைப் பார்த்தார். "எரியுதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? உன்னோட ஒரே பேஜாரு!" வீம்பு அவருடையது, திட்டு எனக்கு! இனி என் நாளுக்குத் தயிர்சாதம்தான் என்று அவரே சட்டம் போட்டார். நீங்கள் கை நீட்ட ஒரு மாதம் ஆயிற்று.

அந்தத் திங்கட்கிழமை அவர் வீட்டில் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் என் விரல்களைப் பார்த்து, "நீ ஒதுங்கிக்கம்மா" என்றார். ஒதுங்கினேன். அக்காவின் மகள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தாள். "அவங்க போடட்டும். அம்மா அந்தக் கையாலதான் சாப்ட்டாங்க."

போட்டேன். இந்தக் கையை இனி யார் எதிரிலும் முந்தானைக்குள் ஒளிக்க மாட்டேன், அக்கா. நீங்கள் எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.