மீசையில் ஒட்டின பலாப்பால்

பண்ருட்டியில் பலாப்பழம் அறுக்கிறவர் கத்தியை மண்ணெண்ணெயில் துடைத்தார். அந்த வாசனைக்கு எங்க பழைய வூடு ஞாபகம் வந்தது. வூடு இருந்த இடம் இப்போ நிலக்கரி மைன்ஸ் பள்ளம்.

அப்பா கையில் எண்ணெய் தடவாமலே பழம் பிளப்பார். ஒருநாள் பிளந்துகினே, பழக்கதோஷத்தில் மீசையை முறுக்கிவிட்டார். பலாப்பாலில் விரலும் மீசையும் ஒட்டிக்கிச்சி. தெருமுனையில் அப்பா வேலைக்குப் போற ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது.

அம்மா கத்தரிக்கோலோடு வந்தாள். அந்த மீசை அவளுக்கு என்னிக்கும் ஆகாது.

"ஒரே வெட்டுதாங்க."

"கிட்ட வராத! பாப்பா, மண்ணெண்ணெய் எடுத்தாடி!"

நான் சீசாவோடு ஓடினேன். தேய்க்கத் தேய்க்கப் பால் கரைந்து விரல் விடுபட்டது. மீசையும் பிழைத்தது.

வாயிலிருந்து பீடி இறங்காத மனுஷன், அன்னிக்கு முழுக்க ஒண்ணுகூடப் பத்தவைக்கவில்லை.