பரோட்டா மாவும் மூன்றாவது சிலிண்டரும்

போன வருடம் சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்து, மதுரை வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்த நாட்களில் நடந்தது இது. அதைச் சொல்லும் முன், எழுதுகிறவன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். நான் போர்வெல் லாரியில் பைப் தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். பைப் இறக்கக் கற்று, மோட்டார் கழற்றக் கற்று, வண்டியூரில் சொந்தமாகப் பம்ப்செட் கடை போட்டேன். பிறகு சொந்தப் போர் வண்டி, மாடி வீடு. மகனை இன்ஜினியர் ஆக்கினேன், மகளை டீச்சர் ஆக்கினேன். நாகமலை புதுக்கோட்டையில் தொடங்கி விரகனூர் வரைக்கும் எத்தனையோ தோட்டங்களில் இன்றைக்கு வருவது நான் போட்ட போர் தண்ணீர்தான். எல்லாம் கடவுள் கொடுத்தது என்பார்கள். கொடுத்திருக்கலாம், பைப்பைத் தூக்கியது நான்.

அப்படிப்பட்டவன் ஒரு கார் வாங்கினேன். என் மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்திருந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் உட்கார முடியவில்லை. வாடகைக் காரில் ஒருமுறை திருமங்கலம் போய் வந்ததற்கே படுத்த படுக்கையாகிவிட்டாள். அதனால் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வைத்திருந்த வெளிநாட்டுக் காரைப் பேசி முடித்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. அவள் பின் சீட்டில் உட்கார்ந்து, "மெத்தையில சாஞ்ச மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்கு அது போதும்.

கொஞ்ச நாளில் இன்ஜினில் மிஸ்ஸிங் வந்தது. ஆறு பேர் சேர்ந்து ஒரு பைப்பைத் தூக்கிப் போகும்போது ஒருவன் மட்டும் அடிக்கடி தோளை விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. வேகமாகப் போனால் தெரியாது. சிக்னலில் நின்றால் வண்டி முழுக்கக் குலுங்கும். தெப்பக்குளம் பக்கம் ஒரு நாள் ஆடி ஆடி அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓரமாகப் போய் நின்றாள்.

"ஏங்க, இது காரா, நெல்லு மிஷினா? இனிமே நான் இதுல ஏற மாட்டேன்."

மகள் வாக்கப்பட்டிருப்பது கம்பத்தில். அவளுக்கு ஏழாவது மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெற்ற தாய் போய் முதல் வளையல் போட வேண்டும். இந்தக் கார் ஓடவில்லை என்றால் என் மனைவி வீட்டில்தான் இருக்க வேண்டும். மகனோ, "செகண்ட் ஹேண்டுல இம்புட்டுப் பெரிய காரை யாராவது வாங்குவாங்களாப்பா? வித்துருவோம். ஞாயித்துக்கிழமை புரோக்கர் வாரேன்னுருக்காரு" என்றான்.

மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். இந்த மாதிரிக் கார்கள் மட்டும்தான் பார்ப்பார். கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரை மாட்டி, மூன்றாவது சிலிண்டர்தான் அடிக்கடி விடுகிறது என்று உடனே சொல்லிவிட்டார். ஏன் விடுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. பிளக் மாற்றினார். அதற்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலைக் கழற்றி ஐந்தாவது சிலிண்டரில் போட்டார். கோளாறு காயிலோடு போகவில்லை, மூன்றாவதிலேயே உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரும் பார்த்தாயிற்று. எங்காவது காற்றுக் கசிகிறதா என்று ஒரு மிஷினை வைத்து உள்ளே புகையைச் செலுத்தினார். ஒரு இழைப் புகைகூட வெளியே வரவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று அடித்துச் சொல்லி, டேங்கையே இறக்கிக் காலி செய்ய வைத்தேன். தண்ணீர் இல்லை. அது வேறு கதை.

ஆனால் எனக்கு அந்தக் கார் மேல் கோபம் வரவில்லை, ஆசைதான் கூடியது. மோட்டார் எதுவாக இருந்தாலும் காரணம் இல்லாமல் அடம்பிடிக்காது. சாப்பிடும்போதும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "காலையில கிளம்புறப்ப நல்லாத்தானே போகுது. சூடு ஏறுனப்புறம்தான் ஆடுது. அதுவும் நின்னாத்தான் ஆடுது. உங்க கம்ப்யூட்டருக்கு இது தெரியாதாக்கும்?"

பிசைந்த சோறு கையில் நின்றுவிட்டது. கிணற்று மோட்டாரில் ஒரு சங்கதி உண்டு. தண்ணீரை மேலே தள்ளுகிற பைப்பில் ஓட்டை விழுந்தால் பீய்ச்சி அடிக்கும், குழந்தைகூடக் காட்டிக் கொடுத்துவிடும். கீழிருந்து இழுக்கிற பைப்பில் ஓட்டை விழுந்தால் சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. காற்றை உள்ளே இழுக்கும். மோட்டார் ஓடும்போது மட்டும் இழுக்கும், நிறுத்தினால் காய்ந்து கிடக்கும். அதைப் பிடிக்க நாங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் சாணியை அப்புவோம். எங்கே அப்பும்போது மோட்டார் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

மறுநாள் விடிந்ததும் பட்டறைக்குப் போய் நின்றேன்.

"தம்பி, புகை விட்டுப் பாத்தப்ப இன்ஜின் ஓடிச்சா?"

"இல்லீங்கய்யா. ஆஃப் பண்ணித்தான் பாக்கணும்."

"சூடா இருந்துச்சா?"

"அது முந்தின நாள்ல இருந்து நின்ன வண்டி. பச்சத்தண்ணியாட்டம் கிடந்துச்சு."

"அப்ப சூடாக்கி, ஓடவிட்டுப் பாப்போம். இழுக்குற ஓட்டை ஓடுனாத்தான் தெரியும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சாவியை எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கினார். ஆட்டம் வந்தது. நான் பூஜைக்கு வாங்கி வைத்திருந்த ஊதுபத்தியைப் பையிலிருந்து எடுத்தேன். புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துவிடலாமே! தீக்குச்சியை உரசப் போன என் கையை அவர் தட்டிவிட்டார். அவர் வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர். கோபம் அந்தப் பாஷையில்தான் வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. "பெட்ரோல் வண்டிங்கய்யா!" என்று பிறகு தமிழிலும் ஒருமுறை கத்தினார்.

"சரி, சாணி?"

"ஏங்கய்யா, இது என்ன கெணத்து மேடா? சாணியைக் கொண்டாந்து இதுக்குள்ள அப்பச் சொல்றீக!"

பக்கத்தில் பரோட்டாக் கடை. மாஸ்டர் மாவை எண்ணெயில் புரட்டிப் புரட்டி அடித்துக்கொண்டிருந்தார். பார்த்தேன். இழுத்தால் நீளும், அமுக்கினால் ஒட்டும், எடுத்தால் சுத்தமாக வரும். இதைவிட நல்ல சாமான் எங்கே கிடைக்கும்? "அந்த மாவுல ஒரு உருண்டை வாங்குங்க தம்பி" என்றேன். அவர் போய்க் கேட்டார்.

"மாப்ள, காருக்குப் பரோட்டா குடுத்துருவேன். சால்னாவை எதுல ஊத்துவ?" என்றார் மாஸ்டர். இருந்தாலும் கை நிறையக் கொடுத்தார்.

பைப் பிடித்துப் பருத்த என் கை இன்ஜின் இடுக்கில் நுழையவில்லை. மெக்கானிக்தான் மாவைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டினார், நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காற்று உள்ளே போகிற பெரிய பைப்பின் கழுத்தில்தான் ஓட்டை இருக்கும் என்றேன். இல்லை. அதற்கடுத்த ஜாயிண்டிலும் இல்லை. மாவு தீர்ந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு நிமிடம் நின்று யோசித்தார். "மூணாவதுதான விடுது? அதுக்கு அடியில ஒரு சின்ன ரப்பர் வளைவு இருக்குங்கய்யா. மேல தடவிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே கையை அடியில் விட்டு, கடைசி உருண்டையை அப்பினார்.

இன்ஜினின் ஆட்டம் சட்டென்று அடங்கியது. கல்லு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டி தார் ரோட்டில் ஏறின மாதிரி. மாவை எடுத்தார், ஆடியது. அப்பினார், ஆட்டம் நின்றது. இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். எடுத்த மாவில் ஒரு சின்ன நாக்கு உள்பக்கம் இழுபட்டு நீண்டிருந்தது. ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் ஒரு கீறல். ஆறியிருக்கும்போது உதட்டை மூடின மாதிரி ஒட்டிக்கொள்கிறது. சூடேறி இளகியபின் இன்ஜின் காற்றை இழுத்தால் திறந்துகொள்கிறது. வேகமாக ஓடும்போது உள்ளே போகிற பெருங்காற்றில் இந்தச் சின்னக் காற்று கணக்கில் வராது என்று மெக்கானிக் விளக்கினார். புது ரப்பர் வந்தது, மாட்டினார், தீர்ந்தது. புரோக்கரை வரவே வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான்.

வளைகாப்பன்று கம்பத்துக்குக் கிளம்பினோம். உசிலம்பட்டியில் கூட்டத்தில் மாட்டி வெகுநேரம் நின்றோம். பின் சீட்டிலிருந்து என் மனைவி மெதுவாக என் தோளைத் தொட்டாள். "ஏங்க, மறுபடி ஆஃப் ஆயிருச்சா?"

"ஓடிக்கிட்டுத்தான் புள்ள இருக்கு."

அவள் நம்பாமல் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கம்பம் வரை தூங்கினாள். மகள் கையில் முதல் வளையலைப் போட்டவள் அவள்தான்.

இப்போது அந்த மெக்கானிக் பரோட்டா மாவு வைத்தியத்தை வீடியோவாகப் போட்டிருக்கிறார். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், "இடத்தைக் கண்டுபிடிச்சது நான்தானங்கய்யா" என்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை. மாஸ்டரும் தன் மாவுதான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறாராம். இதை எழுதும்போது, "சூடானப்புறம்தான் ஆடுதுன்னு சொன்னது யாரு?" என்று என் மனைவியும் பங்கு கேட்கிறாள். அதையும் கொடுத்துவிட்டேன். வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே இழுக்கிற ஓட்டையை ஓடும்போதுதான் தேட வேண்டும் என்பது கிணற்று மேட்டில் நின்று நான் கற்றது; அது எத்தனை பெரிய காருக்கும் செல்லும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஆகவே அந்த வீடியோவில், "ஓடவிட்டு, சூடாக்கி, ஒட்டிப் பார்க்கச் சொன்னது வண்டியூர் பம்ப்செட் கடைக்காரர்" என்று ஒரு வரி சேர்த்தாக வேண்டும். சேர்க்கும் வரை நான் விடப்போவதில்லை.