லாரியில் போன படகும் என் இரண்டு வேண்டுதல்களும்

“பி.எஸ்சி. படிச்ச புள்ள பெல்ட்டு கட்டுனா, படகு பரீட்சைக்குப் போற மாதிரி நடுங்கிக்கிட்டுல்ல வரும்.”

கட்டுமாவடியில் ஒரு படகுப் பட்டறையில் லோடு ஏற்றும் ராயப்பண்ணன், லோடு கட்டும் பெல்ட்டைக் கையில் எடுத்த என் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இயற்பியல் பட்டம் வாங்கிய முதல் பெண்ணும் நான்தான். உராய்வைப் பற்றி எனக்கே பாடமா என்று உள்ளே கொதித்தது.

மதலேன் அக்காவின் லாரி ஆபீசில் பில் எழுதத்தான் சேர்ந்தேன். பக்கப் பலகை இல்லாத பிளாட்பெட் லாரி ஒன்று அங்கே டிரைவர் இல்லாமல் நின்றது. நான் ஹெவி லைசன்ஸ் எடுத்து வந்து அக்கா முன்னால் நீட்டினேன். அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு லோடு தனியாக் கொண்டு போ. கீறல் இல்லாம எறங்குனா டிரைவர் சீட்டு ஒனக்கு. கீறல் விழுந்தா திரும்ப பில் புத்தகந்தான்.”

அந்த லோடு, கோட்டைப்பட்டினம் காதர் பாயின் புது ஃபைபர் படகு. பழைய படகு காற்றில் உடைந்ததிலிருந்து அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டுமாவடிப் பட்டறையில் படகுக்கு அடியில் பழைய டயர்களைப் போட்டு, மேலே பெல்ட்டு கட்டினேன். என் நோட்டுக் கணக்குப்படி நாலு போதும். நான் ஆறு போட்டேன். புது லோடு என்றால் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி ஒவ்வொரு பெல்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் கட்டத் தெரியாதவர்களுக்கு என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கிளம்பும் முன் மாதாவிடம் இரண்டு வேண்டுதல் வைத்தேன். படகு கீறல் இல்லாமல் போய்ச் சேரணும். போலீஸ் நிறுத்தக் கூடாது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவதைத்தான் அதிக பக்தியோடு சொன்னேன். லாரி ஓட்டிப் பழகும் நாட்களில் என்னை நிறுத்தியவர்கள் எல்லாரும் கேபினுக்குள் எட்டிப் பார்த்து டிரைவரைத் தேடினார்கள். அந்த அவமானம் எனக்குத் தாங்கவில்லை.

மணமேல்குடிக்கு முன்னால் ஒரு பெண் போலீஸ் கையைக் காட்டினார்.

மாதா மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. கேட்டதே இரண்டு, அதில் ஒன்று அதற்குள் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே பேப்பர்களை எடுத்தேன்.

“டிரைவர் எங்கம்மா?”

“நாந்தாங்க.”

அவர் பேப்பரைத் தொடவே இல்லை. செல்போனை எடுத்தார். லைசன்ஸ் எடுக்கச் சொன்னால் அவர் மகள் பயப்படுகிறாளாம், அவளுக்குக் காட்ட என்னோடு ஒரு போட்டோ வேண்டுமாம். படகுப் பக்கம் என்னையும் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்தார். அடுத்ததற்கு அழகாக ஒரு பெல்ட்டில் சாய்ந்தார். பெல்ட்டு அவரோடு சேர்ந்து உள்ளே போனது. விழப் போனவர் சமாளித்து நின்று அதைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, துணி காயப்போடுற கொடியா?”

படகைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறில் நாலு தொங்கின. படகு ஒரு சாண் முன்னால் நகர்ந்திருந்தது. என் கணக்கில் படகு ஒரு பெட்டி. நிஜத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது டயரில் அழுந்தி இறங்க, பெல்ட்டு தானாகத் தளர்ந்திருக்கிறது. ஒரு பெரிய பிரேக் போட்டிருந்தால் படகு கேபினுக்கே வந்திருக்கும். பக்கவாட்டில் சரிந்திருந்தால் ரோட்டில் போகிறவர்கள் மேல்.

ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். நீளமான ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. “மாதாவே, எனக்குத் தெரியலை” என்றேன். பரீட்சையில்கூட நான் ஒருமுறையும் ஒத்துக்கொள்ளாத வார்த்தை அது. சொன்ன பிறகு பதற்றம் நின்றது. சாட்சியாகச் சொல்கிறேன், அப்படியே நின்றது.

போலீஸ் அம்மா ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி நாலு மீன்காரர்களை இறக்கினார். எல்லாரும் சேர்ந்து படகைப் பின்னால் தள்ளினோம். இந்த முறை நான் அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கட்டினேன். இரண்டு பக்கமும் சாக்கை அடைத்தோம். முன்னால் நகராதபடி படகின் மூக்கைச் சுற்றி பெல்ட்டைக் குறுக்கே போட்டோம். கிளம்பிய பிறகு மூன்று தடவை இறங்கித் தொட்டுப் பார்த்தேன்.

கோட்டைப்பட்டினத்தை நெருங்கும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். வேனுக்குள் இருந்த பிள்ளைகள் பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். படகு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அழுதுகொண்டே நானும் கையாட்டினேன்.

காதர் பாய் படகைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஆனால் கட்டுகளை அவிழ்க்க அரைமணி நேரம் ஆனது. “இம்புட்டு இறுக்கமாவா கட்டுவே தாயி, படகு ஓடியா போகும்?” என்றார். ஓடப் பார்த்தது என்று நான் சொல்லவில்லை.

அக்காவிடம் மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள், லாரிக் கதவில் எழுதியிருந்த ஆபீஸ் நம்பருக்குப் போலீஸ் அம்மா அனுப்பிய போட்டோ வாட்ஸ்அப்பில் அக்காவுக்கே வந்து சேர்ந்திருந்தது. போலீஸ் அம்மா சிரிக்கிறார், பக்கத்தில் பெல்ட்டு தொங்குகிறது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா போட்டோவைப் பெரிதாக்கித் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தார். பிறகு, “நாளைக்கும் வண்டி எடு. ஆனா இந்தப் போட்டோ கேபின்ல தொங்கணும்” என்றார். இன்றைக்கும் தொங்குகிறது.

போன வாரம் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்ட இரண்டில் ஒன்றை மாதா மறுத்தது, மற்றதைத் தருவதற்காக. நீங்கள் கேட்டதும் கிடைக்காமல் தள்ளிப்போகிறதா? கொஞ்சம் பொறுங்கள், நம்பி விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியில் எது தளர்ந்திருக்கிறது என்று அந்தத் தாய்க்குத் தெரியும். இப்போதெல்லாம் ஜெபித்த பிறகு நான் இறங்கிப் பெல்ட்டையும் தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்று டிரெய்லர் ஓட்டும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நீளம் நாற்பது அடி. ரிவர்ஸ் எடுத்தால் நான் நினைக்கிற பக்கம் அது போவதே இல்லை. முதல் நாளே சொல்லித்தருகிறவரிடம் கூச்சமில்லாமல் கேட்டேன்: “எனக்குத் தெரியலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க.”